தங்கச்சிக்கு ரெண்டு காலும் தடிச்சிருக்கு, யானைக்கால்ங்கறாங்க. எப்படி பிரிச்சு தெரிஞ்சுக்கறது?

தன்லின்_அக்கா

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா மனசுல வச்சிருந்தத இன்னைக்கு எழுதறேன், நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

என் தங்கச்சிக்கு 26 வயசு. வயசுக்கு வந்த நேரத்துல இருந்தே இடுப்புக்கு கீழ மட்டும் தடிக்க ஆரம்பிச்சது. மேல பாத்தா ஒல்லி, சட்டை சின்ன சைஸ் தான் எடுப்போம், ஆனா தமேன் (பர்மா பொம்பளைங்க கட்டற லுங்கி) கட்டினா சுத்தி வர துணி பத்தாது. ரெண்டு காலும் ஒரே மாதிரி. சாயங்காலம் ஆச்சுன்னா கனக்குதுன்னு படுத்துருவா. தெரியாம கை பட்டாக்கூட வலிக்குதுன்னு கத்துவா, சின்ன வயசுல நடிக்கிறான்னு நாங்களே திட்டிருக்கோம், இப்ப நெனச்சா நெஞ்சு கனக்குது. எங்க இடிச்சதுன்னே தெரியாம தொடைல நீலம் பாஞ்சிருக்கும்.

போன வருஷம் பொண்ணு பாக்க வந்தாங்க. மாப்பிள்ளையோட அத்தை இவ கால பாத்துட்டு எங்கம்மாவ தனியா கூப்பிட்டு "இது யானைக்கால் தானே, மறைக்காம சொல்லுங்க"ன்னு கேட்டுட்டாங்க. அந்த சம்பந்தம் அதோட நின்னுபோச்சு. அப்புறம் ஒரு கிளினிக் போனோம், செருப்ப கழட்டச் சொல்லிக்கூட பாக்கல, யானைக்கால் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிட்டாங்க. இன்னொரு இடத்துல சோத்த கொறைன்னாங்க. ஆறு மாசம் ராத்திரி சோறே தொடல, கன்னம் ஒட்டிப்போச்சு, கழுத்தெலும்பு தெரியுது, காலு மட்டும் அப்படியே இருக்கு.

நெட்ல தேடுனா லிம்ஃபெடீமா, லிபெடீமான்னு ரெண்டு வருது. பேரும் ஒண்ணு போல இருக்கு படமும் ஒண்ணு போல இருக்கு. வெவரம் தெரிஞ்சவங்க யாராச்சும் வீட்டுல வச்சே எப்படி பாக்கறதுன்னு சொல்லுங்க.

பகோ_தம்பி

அக்கா கவலப்படாதீங்க. ஆனா ரெண்டும் கால் வீக்கம் தானே, பேர் என்னவா இருந்தா என்ன, இறுக்கமா ஒரு பேண்டேஜ் சுத்தி கால தூக்கி வச்சுப் படுத்தா போதாதா? எங்க பக்கம் எல்லாரும் அதத்தான் பண்றாங்க.

மோல்மேன்_நர்ஸ்

தம்பி, பேர் என்னவா இருந்தா என்னன்னு விட்டுர முடியாது, இந்த பொண்ணு ஆறு மாசம் பட்டினி கிடந்ததே பேரு தப்பா போனதால தான். நான் 19 வருஷமா நர்ஸ் வேலை பாக்கறேன், மோல்மேன்லயும் ரங்கூன்லயும் இந்த ரெண்டு வித காலையும் கையால தொட்டுப் பாத்தவ, அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன்.

லிம்ஃபெடீமான்னா நிணநீர் தேங்கறது. ரத்தக் குழாய்ல இருந்து கசியற தண்ணிய திரும்ப இழுத்துக்கிட்டுப் போக உடம்புல இன்னொரு குழாய் வரிசை இருக்கு, அது தான் நிணநீர்க் குழாய். அது அடைபட்டாலோ பிறவிலயே சரியா அமையலனாலோ ஆபரேஷன்ல நெறிக்கட்டிகள எடுத்துட்டாலோ தண்ணி வடியாம அங்கயே நிக்கும். நம்ம பர்மாவுல அதுக்குப் பெரிய காரணம் கொசு. க்யூலெக்ஸ் கொசு கடிச்சு ஃபைலேரியா புழு உள்ள போய் நிணநீர்க் குழாய்லயே குடித்தனம் பண்ணும், வருஷக்கணக்குல அங்கயே வாழும். அத தான் நாம யானைக்கால்ங்கறோம், பர்மீஸ்லயும் சின் ச்சிடௌன்னு யானைக்கால்னே தான் சொல்றாங்க.

லிபெடீமா அப்படி இல்ல. தோலுக்கு அடில இருக்கற கொழுப்பே ஒரு தினுசா பெருக்கறது. அனேகமா பொம்பளைங்களுக்குத் தான் வரும். வயசுக்கு வரும்போது, புள்ள உண்டாகும்போது, தீட்டு நிக்கற வயசுல, இந்த மூணு நேரத்துல தான் ஆரம்பிக்கும் இல்ல கூடும். அம்மா, பெரியம்மா, பாட்டின்னு வழிவழியா இருக்கும். கொசுவும் இல்ல கிருமியும் இல்ல, யாருக்கும் தொத்தாது. 1940லயே அமெரிக்காவுல மயோ கிளினிக்ல ஆலன், ஹைன்ஸ்னு ரெண்டு டாக்டருங்க இத தனி நோய்னு எழுதி வச்சாங்க, ஆனாலும் இன்னைக்கு வரைக்கும் நெறைய டாக்டருங்க இத வெறும் குண்டுன்னு தள்ளி விட்டுர்றாங்க.

இப்ப வீட்டுல எப்படி பாக்கறது. தமிழ்ப் பொம்பளைங்களுக்கு நான் ரெண்டே எடம் தான் காட்டுவேன், கொலுசு போடுற எடமும் மெட்டி போடுற விரலும்.

கொலுசு எடம்: லிபெடீமால கொழுப்பு இடுப்புல இருந்து எறங்கி வந்து கரண்டைக்கு மேல, கொலுசு நிக்கற எடத்துல டக்குன்னு நின்னுரும். அதுக்குக் கீழ பாதம் சாதாரணமா ஒல்லியா இருக்கும். பாக்கறதுக்கு யாரோ கால்ல ஒரு வளையத்த மாட்டிவிட்டாப்புல இருக்கும். லிம்ஃபெடீமால அப்படி நிக்காது, பாதத்தோட மேல்பக்கம் மேடா உப்பும், விரலெல்லாம் தடிச்சு கட்டையா சதுரமா ஆகும், பழைய செருப்பு ஏறாது.

மெட்டி விரல்: கட்டை விரலுக்கு அடுத்த விரல், அதோட அடில மேல்தோல ரெண்டு விரலால கிள்ளித் தூக்கிப் பாருங்க. தோல் மடிஞ்சு மேல வந்துச்சுன்னா நல்லது. எவ்வளவு கிள்ளினாலும் கைக்குச் சிக்கலன்னா, தடிச்ச தோலா வழுக்கிட்டே போச்சுன்னா லிம்ஃபெடீமான்னு ரொம்ப உறுதியா சொல்லலாம். ஸ்டெம்மர்னு ஒரு டாக்டர் 1976ல எழுதினது, அவர் பேராலயே சொல்வாங்க. ஆனா ஒண்ணு, தோல் கிள்ள வந்துட்டா லிம்ஃபெடீமாவே இல்லன்னு அடிச்சு சொல்ல முடியாது, ஆரம்பத்துல தோல் கிள்ளத்தான் வரும்.

அப்புறம் வலி. லிபெடீமா கால அழுத்தினா வலிக்கும், சும்மாவே ரத்தம் கட்டும். லிம்ஃபெடீமா கால்ல கனம் இருக்கும், இறுக்கம் இருக்கும், தொட்டா வலின்னு சாதாரணமா சொல்ல மாட்டாங்க, கிருமி ஏறினா தான் வலி. ஆரம்ப லிம்ஃபெடீமால முழங்காலுக்குக் கீழ முன்பக்க எலும்பு மேல விரல வச்சு கொஞ்ச நேரம் அழுத்தி எடுத்தா குழி விழும், ராத்திரி கால தூக்கி வச்சா காலைல கொறையும். கொழுப்புக் காலுக்கு குழியும் விழாது, தூக்கி வச்சாலும் பெருசா மாறாது. முக்கியமா லிம்ஃபெடீமா அனேகமா ஒத்தக் கால்ல ஆரம்பிக்கும், ரெண்டுலயும் வந்தாலும் ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசா இருக்கும். உங்க தங்கச்சிக்கு ரெண்டும் ஒரே மாதிரின்னீங்க.

தங்கச்சி பாதம் எப்படி இருக்கு? அத முதல்ல சொல்லுங்க.

சௌட்டான்_பேத்தி

இத படிச்சதும் எங்க ஆத்தா ஞாபகம் வந்துருச்சு. அவங்களுக்கு நெஜமான யானைக்கால், இடது கால் மட்டும். வயல்ல நாத்து நட்டவங்க. முதல்ல காலே வீங்கல, தொடை இடுக்குல நெறி கட்டி குளிர் காய்ச்சல் வரும், ஒடம்பு தூக்கித் தூக்கிப் போடும், நாலஞ்சு நாள்ல சரியாயிடும், மறுபடி வயலுக்குப் போயிருவாங்க. வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவ இப்படி. ஒவ்வொரு காய்ச்சலுக்கு அப்புறமும் காலு கொஞ்சம் பெருசா தான் திரும்பி வந்துச்சு, பழைய அளவுக்குப் போகவே இல்ல. கடைசில பாதமும் காலும் ஒண்ணா தூண் மாதிரி, தோலு மரப்பட்டை மாதிரி மடிப்பு மடிப்பா. அங்காள பரமேஸ்வரி கோயில் தேருக்கு வருஷா வருஷம் தீ மிதிச்சவங்க, கடைசி பத்து வருஷம் வாசல் தாண்டல, பாக்கறவங்க கண்ணுக்கு பயந்து.

காய்ச்சல் எதனாலன்னு எங்களுக்கு அவங்க செத்ததுக்கு அப்புறம் தான் தெரிஞ்சது. விரல் இடுக்குல இருந்த சேத்துப்புண்ணு வழியா தான் கிருமி உள்ள போயிருக்கு. அந்த புண்ண தெனம் சோப்பு போட்டு கழுவி ஈரம் இல்லாம துடைச்சு மருந்து போட்டிருந்தாலே பாதி காய்ச்சல் வந்திருக்காதுன்னு சுகாதார ஆபீஸ்ல இருந்து வந்தவங்க சொன்னப்ப எங்கம்மா உக்காந்து அழுதாங்க.

அக்கா, உங்க தங்கச்சிக்கு எப்பவாவது அப்படி குளிர் காய்ச்சலோட கால் செவந்து வலிச்சிருக்கா?

தன்லின்_அக்கா

இல்லம்மா, ஒரு தடவ கூட காய்ச்சல் வந்ததில்ல. உங்க ஆத்தா கதைய அம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன், அம்மாவும் கலங்கிட்டாங்க.

நர்ஸக்கா, நீங்க சொன்ன மாதிரியே உக்கார வச்சு பாத்தேன். பாதம் என் பாதம் மாதிரியே தான் இருக்கு, செருப்பு சைஸ் பத்து வருஷமா மாறல. கொலுசு எடத்துல நெஜமாவே ஒரு மடிப்பு, அதுக்கு மேல தான் எல்லா சதையும். மெட்டி விரல்ல தோல் நல்லா கிள்ள வருது, ரெண்டு கால்லயும். முழங்காலுக்குக் கீழ அந்த முன்பக்க எலும்புல அழுத்தினேன், குழி விழல, ஆனா அவ வலில கைய தட்டி விட்டுட்டா. அம்மாவோட அக்காவுக்கும் இதே மாதிரி காலுன்னு இப்ப தான் அம்மா சொல்றாங்க, அவங்களையும் ஊரே யானைக்கால்னு தான் சொல்லுமாம்.

ஆனாலும் மனசு கேக்கல. ராத்திரில ரத்தம் எடுத்துப் பாத்தா முடிவா தெரிஞ்சுரும்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க, எடுக்கலாமா?

ரங்கூன்_லேப்

லேப்ல வேலை பாக்கறேன், இதுக்கு நான் பதில் சொல்றது தான் சரி.

ராத்திரி ரத்தம்ங்கறது உண்மை தான். நம்ம நாட்டுல இருக்கற ஃபைலேரியா புழுவோட குஞ்சுங்க பகல்ல நுரையீரல் பக்கம் ஒளிஞ்சிருந்துட்டு ராத்திரி 10 மணிக்கு மேல 2 மணிக்குள்ள தான் வெளி ரத்தத்துக்கு வரும், கடிக்கற கொசுவும் அந்த நேரத்துல தான் வரும். அதனால பகல்ல விரல்ல குத்தி ஸ்லைடு போட்டா ஒண்ணும் தெரியாது. இப்ப ஸ்ட்ரிப் டெஸ்ட்டும் இருக்கு, புழு ரத்தத்துல விடற பொருள (ஆன்டிஜன்) பாக்கறது, அத எந்த நேரமும் எடுக்கலாம்.

ஆனா இந்த டெஸ்ட்ட வச்சு "கால் வீக்கத்துக்கு காரணம் இது தான்"னு முடிவு பண்ணக் கூடாது, இத தான் நெறைய பேர் தப்பா புரிஞ்சுக்கறாங்க. சௌட்டான் தங்கச்சியோட ஆத்தா மாதிரி பல வருஷமா கால் பெருத்தவங்களுக்கு டெஸ்ட் எடுத்தா பெரும்பாலும் நெகட்டிவ் தான் வரும், ஏன்னா புழு எப்பவோ செத்துருக்கும், அது கெடுத்துட்டுப் போன குழாய் தான் மிச்சம். இன்னொரு பக்கம், ரத்தத்துல குஞ்சு நீந்திட்டு இருக்கற ஆளுக்கு காலு கம்பி மாதிரி இருக்கும், ஒரு வீக்கமும் இருக்காது. அப்ப நெகட்டிவ் வந்தா யானைக்கால் இல்லன்னும் சொல்ல முடியாது, பாசிட்டிவ் வந்தா இந்த தடிப்பு அதனாலன்னும் சொல்ல முடியாது. எடுங்க, வேண்டாம்னு சொல்லல, பாசிட்டிவ்னா அந்தப் புழுவுக்கு மருந்து சாப்பிட வேண்டியது தான். ஆனா எந்த நோய்னு நர்ஸக்கா காட்டின பாதமும் விரலும் தான் சொல்லும், என் ஸ்லைடு சொல்லாது.

அந்த மாத்திரை பத்தியும் ஒண்ணு. 2000ல உலக சுகாதார நிறுவனம் யானைக்கால் ஒழிப்புத் திட்டம் தொடங்குச்சு, நம்ம நாட்டுலயும் அடுத்த வருஷத்துல இருந்து ஊர் ஊரா டிஇசி, அல்பெண்டசோல் ரெண்டையும் எல்லாருக்கும் கொடுத்தாங்க. ஸ்ரீலங்கா 2016லயும் தாய்லாந்து 2017லயும் ஒழிச்சுட்டதா சான்று வாங்கிட்டாங்க. மாத்திரை கொடுக்க வந்தா முழுங்குங்க, அது ஊர் நோய அறுக்கறதுக்கு. ஆனா ஏற்கனவே வீங்கின கால அது பழையபடி ஆக்காது, கொழுப்புக் காலுக்கு அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.

கம்பை_வாசி

எங்க வீட்டுல பாட்டி சொல்ற வைத்தியம்: வேப்பெண்ணெய சூடு பண்ணி மேல இருந்து கீழ அழுத்தித் தேச்சு, அப்புறம் சுடுதண்ணி ஒத்தடம். நீர் மாத்திரையும் வாங்கிப் போடலாம், ரெண்டு நாள்ல வத்திரும்.

மோல்மேன்_நர்ஸ்

ஐயா கோவிச்சுக்காதீங்க, இந்த மூணுமே வேண்டாம். லிம்ஃபெடீமா காலுக்கு சூடு ஆகாது, சூட்டுல ரத்த ஓட்டம் கூடி இன்னும் தண்ணி கசியும், உணர்ச்சி மரத்த தோலா இருந்தா வெந்து புண்ணாகும். நிணநீர வடிய விடற மசாஜ்னு ஒண்ணு இருக்கு, அது எறகால தடவற மாதிரி மெதுவா, காலோட மேல்பக்கத்த முதல்ல காலி பண்ணி அப்புறம் கீழ இருந்து மேல கொண்டு போறது, அத கத்துக்கிட்டவங்க தான் செய்யணும். மேல இருந்து கீழ அழுத்தினா தேங்கின தண்ணிய பாதத்துலயே தள்றீங்க. கொழுப்புக் கால அழுத்தித் தேச்சா அந்தப் பொண்ணு வலில துடிச்சுப் போகும், நாளைக்கு காலெல்லாம் நீலமா கன்னிப் போயிரும்.

நீர் மாத்திரை ரெண்டுக்குமே பிரயோஜனம் இல்ல. அது இதயம், கிட்னி கோளாறால வர்ற வீக்கத்துக்கு. நிணநீர்ல தேங்கறது புரதம் கலந்த தண்ணி, மாத்திரை தண்ணிய மட்டும் இழுக்கும் புரதம் அங்கயே நிக்கும்.

இன்செய்ன்_அம்மா

நான் எழுதலாமா வேண்டாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். எனக்கு மார்ல கட்டி எடுத்து அக்குள் நெறிக்கட்டியும் எடுத்தாங்க, அப்புறம் கரண்டும் (ரேடியேஷன்) வச்சாங்க. ஒண்ணரை வருஷம் ஒண்ணும் இல்ல, ஒரு நாள் வளையல் இறுக்குது. உப்பு கூடிப்போச்சுன்னு நெனச்சேன், அப்புறம் முழங்கை வரைக்கும். கொசுவும் கடிக்கல புழுவும் இல்ல, இதுவும் லிம்ஃபெடீமா தான்னாங்க. யானைக்கால் கால்ல மட்டும் தான் வரும்னு இருக்கற நெனப்பால நான் அஞ்சு மாசம் சும்மா இருந்துட்டேன். ஆபரேஷன் பண்ணின பொம்பளைங்க யாராவது இத படிச்சா, வளையல் இறுக்குறப்பவே போங்க. அந்தக் கைல ஊசி போட வேண்டாம், பிரஷர் பாக்க வேண்டாம்னு எங்க டாக்டர் சொல்லிருக்காங்க, நானும் விடாம பாத்துக்கறேன், சமையல்ல கை சுட்டுக்காம உறை போட்டுக்கறேன்.

பகோ_தம்பி

நான் மொதல்ல எழுதினத நெனச்சா கஷ்டமா இருக்கு அக்கா, மன்னிச்சுக்கோங்க. இப்ப ஒண்ணு கேக்கணும். எங்கம்மாவுக்கு 63, ரெண்டு கரண்டையும் வீங்குது, பாதமும் சேத்து, அழுத்தினா குழி விழுது. பிரஷர் மாத்திரை மாத்தி ரெண்டு மாசம் ஆகுது. நான் தான் பேண்டேஜ் இறுக்கி சுத்திட்டு இருக்கேன்.

மோல்மேன்_நர்ஸ்

என்ன மாத்திரை? அம்லோடிபின்னா அதுவே கரண்டைய வீங்க வைக்கும், ரொம்ப சாதாரணம். நிறுத்திராத, எழுதிக் கொடுத்த டாக்டர்கிட்ட இந்த வீக்கத்த காட்டு, வேற மாத்தி தருவாங்க. இதயம், கிட்னி, தைராய்டும் பாக்கச் சொல்லு. பேண்டேஜ இப்பவே அவுத்துரு தம்பி. கால்ல ரத்த ஓட்டம் நல்லா இருக்கான்னு நாடி பாக்காம இறுக்கக் கூடாது, சக்கரை இருக்கற வயசானவங்களுக்கு விரலே செத்துப்போகும்.

எல்லாருக்குமா சேத்து சொல்லிர்றேன்: ஒத்தக் கால் திடீர்னு ஒரே நாள்ல வீங்கி கெண்டைக்கால் வலிச்சு சூடா இருந்தா அது ரத்தக் கட்டியா இருக்கலாம், கிள்ளிப் பாத்துட்டு உக்காந்திருக்காம அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. மூச்சு வாங்குச்சுன்னா ஒரு நிமிஷம் கூட தாமதிக்காதீங்க.

தன்லின்_அக்கா

மூணு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும். ரங்கூன்ல ஒரு டாக்டரம்மாகிட்ட போனோம். முதல் வேலையா செருப்ப கழட்டச் சொல்லி மண்டி போட்டு பாதத்த கைல எடுத்துப் பாத்தாங்க, மெட்டி விரல கிள்ளினாங்க, நாங்க ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டோம். தைராய்டு, கிட்னி, ஸ்கேன் எல்லாம் பாத்தாச்சு. ஸ்ட்ரிப் டெஸ்ட் நெகட்டிவ். லிபெடீமான்னே எழுதிக் கொடுத்துட்டாங்க. உலக சுகாதார நிறுவனத்தோட புது நோய்ப் பட்டியல்லயே இதுக்கு தனி நம்பர் இருக்காம், நான் அந்த சீட்டை போட்டோ எடுத்து வச்சிருக்கேன்.

அவங்க சொன்னத எனக்குப் புரிஞ்ச வரைக்கும் எழுதறேன். இந்தக் கொழுப்பு பட்டினிக்கு கரையாது, அதனால சாப்பிடாம கிடக்காதே, ஆனா மொத்த எடை ஏறாம பாத்துக்கோ, ஏறினா நிணநீர்க் குழாயும் திணறி ரெண்டு நோயும் சேந்துக்கும், அப்ப பாதமும் வீங்க ஆரம்பிக்கும். ஒவ்வொரு மாசமும் விரல கிள்ளிப் பாக்கச் சொன்னாங்க. கால அளவெடுத்து தைச்ச அழுத்தக் காலுறை போட்டா வலியும் கனமும் கொறையும், கொழுப்பு கொறையாது, அத எதிர்பாத்து ஏமாறாதேன்னாங்க. நடக்கணும், தண்ணில எறங்கி நடந்தா இன்னும் நல்லது, தண்ணியே சுத்தி நின்னு கால அமுக்குமாம். கொழுப்ப உறிஞ்சி எடுக்கற ஆபரேஷனும் இருக்கு, வெளிநாட்டுல பண்றாங்க, இப்ப அத யோசிக்க வேண்டாம்னுட்டாங்க.

டாக்டரம்மா "இது உன் தப்பில்ல"ன்னு பர்மீஸ்ல சொன்னதும் அவ அப்படியே உடைஞ்சு அழுதுட்டா. வர்ற வழில ரெண்டு பேரும் கடைல உக்காந்து மொஹிங்கா சாப்பிட்டோம், அவ ரெண்டாவது கிண்ணம் கேட்டு வாங்கினா.

பெரியம்மாவையும் கூட்டிட்டுப் போகப் போறோம், அவங்களுக்கு 58, இது வரைக்கும் ஒரு டாக்டரும் கால தொட்டுப் பாத்ததில்ல.

இப்ப ஒரே ஒரு கேள்வி பாக்கி. சித்திரை வெயில்ல இந்தக் காலுறைய முழு நாளும் எப்படி போடறது? தொடைல வேர்த்து அரிக்குதுங்கறா.

இன்செய்ன்_அம்மா

கை உறைக்கு நான் பண்றத சொல்றேன்மா. காலைல எழுந்து வெயில் ஏறறதுக்கு முன்னாடி, கை வத்தி இருக்கும்போதே போட்டுருவேன். முந்தின நாளே எண்ணெய் தடவிக்குவேன், போடற நேரத்துல தோல் காஞ்சிருக்கணும். ரெண்டு ஜோடி வச்சுக்கோங்க, ஒண்ண தெனம் ராத்திரி துவைச்சு நெழல்ல காயப் போடுங்க, வெயில்ல போட்டா ரப்பர் தளந்துரும். மத்தியானம் தாங்க முடியலன்னா போட்டிருக்கும்போதே மேல தண்ணி தெளிச்சுட்டு ஃபேன் கீழ உக்காருவேன், ஜில்லுன்னு இருக்கும். தோல் செவந்து தடிச்சா மட்டும் கழட்டிட்டு டாக்டர்கிட்ட காட்டுங்க. தங்கச்சிய எனக்கு மெசேஜ் போடச் சொல்லுங்க, அடுத்த ஜோடிக்கு அளவெடுக்கறப்ப எதெல்லாம் பாக்கணும்னு சொல்றேன்.